மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவில்: மருத்துவமனையில் வலியையும் பதற்றத்தையும் தணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"அடுத்த ஊசி எத்தனை மணிக்கு?" வார்டில் படுத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வலி மருந்துக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. வலிக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதுபோக, மாத்திரையால் மட்டும் தீராத சங்கடங்களும் படுக்கையில் நிறைய: தூக்கம் வராத இரவு, ஸ்கேன் அறைக்குப் போகும்முன் வரும் படபடப்பு, ஒரே பக்கமாகப் படுத்து இறுகிப்போன முதுகு, அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாத கலக்கம். இந்த நேரங்களில் நோயாளியும் கூட இருப்பவரும் என்னவெல்லாம் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொடங்கும்முன் இரண்டு விஷயங்கள். இங்கே சொல்லும் எல்லாமே மருந்தோடு சேர்த்துச் செய்வதற்கு. "பாட்டு கேட்டால் சரியாகிவிடும், வலி ஊசி எதற்கு?" என்று ஒருவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது கொடுமை, அதற்கு சிகிச்சை என்று பெயர் வைக்க முடியாது. அடுத்து, வாயால் உட்கொள்ளும் மூலிகை எதையும் இதில் சேர்க்கவில்லை. சில மூலிகைகள் ரத்தம் உறைவதைப் பாதிக்கும், சில மயக்க மருந்தோடு மோதும். அதை மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது

முழங்காலை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது. வலியும் குறைகிறது. இதற்கு 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், முதுகுத் தண்டில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது. தொடுதல், அழுத்தம் போன்ற செய்திகள் வேறு நரம்பு இழைகள் வழியாக வரும்போது அந்தக் கதவு ஓரளவு சாத்திக்கொள்கிறது என்றார்கள். மேலிருந்து மூளையும் அந்தக் கதவைத் திறக்கலாம், மூடலாம். பயமும் கவனமும் அதில் பங்கு வகிக்கின்றன. நுணுக்கங்களில் அந்தக் கோட்பாடு பின்னால் நிறைய மாறிவிட்டது. ஆனாலும் நமக்குத் தேவையான அடிப்படை அதில் இருக்கிறது.

பயந்தவருக்குத் தசை இறுகுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, கவனம் முழுக்க வலியிலேயே நிற்கிறது. இறுகிய தசை இன்னும் வலிக்கிறது. இந்தச் சுழலை எங்காவது ஓர் இடத்தில் அறுத்துவிட்டால் போதும். எங்கே அறுப்பது என்பது நோயாளியைப் பொறுத்தது, நேரத்தையும் பொறுத்தது.

முதல் படி: என்ன தொந்தரவு என்று கண்டுபிடியுங்கள்

"வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "ஆமாம்" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த இடத்தில், எப்படிப்பட்ட வலி, எப்போது கூடுகிறது, சுழியம் முதல் 10 வரை எண் கொடுத்தால் இப்போது எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண்ணை நேரத்தோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பயத்துக்கும் இதே போல ஒரு எண் வாங்குங்கள். வலி 3, பயம் 8 என்று சொல்பவருக்கு வேண்டியது வேறு. வலி 8, பயம் 3 என்பவருக்கு வேண்டியது வேறு.

பேச முடியாதவர்கள், மறதி நோய் உள்ள முதியவர்கள் எண் சொல்ல மாட்டார்கள். நெற்றிச் சுருக்கம், முனகல், தொட்டால் கையைத் தட்டிவிடுவது, வேகமான மூச்சு, சமாதானமாகாத அமைதியின்மை ஆகியவைதான் அவர்கள் சொல்லும் எண்.

அப்புறம், எளிய காரணங்களைத் தேடுங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கலாம். ட்ரிப்ஸ் ஏறும் இடம் வீங்கியிருக்கலாம். பிளாஸ்டர் தோலை இழுத்துக்கொண்டிருக்கலாம். விரிப்பு முதுகுக்கடியில் சுருண்டிருக்கலாம். வாய் வறண்டிருக்கலாம். முதியவர் திடீரென்று அமைதியிழந்தால் அடைபட்ட சிறுநீரும் மலச்சிக்கலும் சந்தேகப் பட்டியலில் முன்னால் இருக்க வேண்டும். இவற்றுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

இதைவிட முக்கியமானது, எப்போது எதையுமே முயலாமல் அழைப்பு மணியை அழுத்த வேண்டும் என்பது. நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் புதிதாக வீக்கமும் வலியும், சட்டென்று வந்த பேச்சுக் குழறல் அல்லது புத்தித் தடுமாற்றம், ரத்தக் கசிவு, மருந்து கொடுத்த பிறகும் ஏறிக்கொண்டே போகும் வலி, கல்போல இறுகிய வயிறு. இவை தணிக்க வேண்டிய அறிகுறிகள் கிடையாது, உடனே சொல்ல வேண்டிய அறிகுறிகள்.

இரண்டாம் படி: செவிலியரிடம் கேளுங்கள்

இது இரண்டு நிமிட வேலை. கை கால் பிடித்துவிடலாமா, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கலாம், ஒத்தடம் கொடுக்கலாமா, எழுந்து நடக்க அனுமதி உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து போகிறதா, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) எண்ணிக்கை எப்படி. பதில்களை அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பணிமாற்றத்துக்குப் பிறகு வருபவரிடம் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்காது.

மூன்றாம் படி: வார்த்தை

செலவில்லாதது, அதிகம் வீணடிக்கப்படுவதும் இதுதான். 1964-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வயிற்று அறுவை செய்துகொண்ட 97 பேரைப் பற்றியது. ஒரு பகுதியினருக்கு மயக்கவியல் மருத்துவர் முன்கூட்டியே வந்து, எந்த இடத்தில் எப்படி வலிக்கும், அது இயல்பு, தசையை எப்படித் தளர்த்துவது, படுக்கையில் எப்படித் திரும்புவது என்று பேசினார். அப்படிப் பேசப்பட்டவர்களுக்குப் பிறகு தேவைப்பட்ட வீரியமான வலி மருந்து மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழ பாதி. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள்.

ஆனால் பேச்சு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். "இப்போ நல்லா வலிக்கும், எரியும், தாங்கிக்கோங்க" என்று எச்சரித்துவிட்டு ஊசி போட்டால் வலியும் பதற்றமும் கூடுவதை 2005-ல் வந்த ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் உதவாது. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த முறை எதையும் நம்ப மாட்டார், குறிப்பாகக் குழந்தைகள். நடப்பதை நடப்பதாகச் சொல்வதே நல்லது: "இப்போது குளிர்ச்சியாக ஒரு பஞ்சு வைப்பார்கள். பிறகு ஓர் அழுத்தம் தெரியும். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்."

"பயப்படாதீங்க" என்பதை விட்டுவிட்டு "எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் அந்தப் பயம் மருத்துவருக்குத் தோன்றியதாகவே இருக்காது. மயக்கம் நடுவில் தெளிந்துவிடுமோ, ஆடையில்லாமல் படுக்க வேண்டியிருக்குமோ, பல் செட்டைக் கழற்றச் சொல்வார்களோ. இவற்றில் பாதிக்கு ஒரே கேள்வியில் பதில் கிடைத்துவிடும்.

நான்காம் படி: மூச்சு

வலி மிதமாக இருக்கும்போதே கற்றுக்கொடுங்கள். உச்சத்தில் இருப்பவர் புதிதாக எதையும் கற்க மாட்டார்.

1. தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, முழங்காலுக்கடியில் ஒரு தலையணை வையுங்கள். வயிற்றுத் தசை தளரும்.
2. நோயாளியின் கையை அவர் வயிற்றின்மேல் வைக்கச் சொல்லுங்கள். வயிற்றில் அறுவை செய்திருந்தால் விலாவின் பக்கவாட்டில்.
3. மூக்கால் மெதுவாக நான்கு எண்ணும் வரை உள்ளே. ஆழமாக இழுக்கச் சொல்ல வேண்டாம்; சாதாரண அளவு போதும்.
4. உதட்டை லேசாகக் குவித்து ஆறு எண்ணும் வரை வெளியே.
5. ஐந்து நிமிடம். தலை சுற்றினாலோ விரல் மரத்தாலோ நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கில் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது உடலின் இயல்பு. வெளிமூச்சை நீட்டினால் உடலை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பக்கம் தட்டு சாய்கிறது. கூட இருப்பவர் சும்மா எண்ணிக்கொண்டிருப்பதைவிட, தானும் அதே வேகத்தில் மூச்சு விட்டால் நோயாளி எளிதில் சேர்ந்துகொள்வார். உங்கள் பதற்றமும் குறையும், அது ஒரு போனஸ்.

மூச்சு வாங்கும் நோயாளிக்கு இந்த எண்ணிக்கை ஒத்துவராது. "மெதுவா, மெதுவா" என்று சொல்வது அவரை இன்னும் பதற வைக்கும். காரணம் மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நாள்பட்ட மூச்சிரைப்பு என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்: உட்கார வைத்து, எதிரே மேசையில் தலையணை போட்டு, முன்னால் சாய்ந்து முன்கைகளை ஊன்றச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய கைவிசிறி ஒன்றை ஒரு ஜாண் தூரத்தில் பிடித்து, காற்று மூக்கின் இருபுறமும் மேலுதட்டிலும் படும்படி ஐந்து நிமிடம் வையுங்கள். முகத்தில் படும் குளிர்காற்று மூச்சுத்திணறல் உணர்வைத் தணிப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இவ்வளவு எளிய ஒன்றை ஏன் எல்லா வார்டுகளிலும் வைக்கவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

ஐந்தாம் படி: தசையும் மனமும்

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு தசைக் கூட்டத்தை ஐந்து முதல் ஏழு நொடி இறுக்குவது, பிறகு சட்டென்று விட்டுவிட்டு இருபது முப்பது நொடி அந்தத் தளர்வைக் கவனிப்பது. பாதத்தில் தொடங்கி கெண்டைக்கால், தொடை, கை, தோள், முகம் என்று மேலே வரலாம். அறுவை செய்த இடம், எலும்பு முறிந்த இடம், ட்ரிப்ஸ் ஏறும் கை ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அங்கே இறுக்காமல் "கனமாகிறது, தளர்கிறது" என்று நினைத்தால் போதும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இறுக்கும் பகுதி வேண்டாம்.

கற்பனைப் பயணம் இன்னொரு வழி. நோயாளிக்குப் பிடித்த இடம் ஒன்றை அவரையே சொல்லச் சொல்லி, அங்கே என்ன தெரிகிறது, என்ன சத்தம் கேட்கிறது, காலடியில் என்ன தட்டுப்படுகிறது என்று கேட்டுக்கொண்டே போவது. இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். கடற்கரை எல்லோருக்கும் இனிமையாக இருக்காது. கடலில் உறவினரைப் பறிகொடுத்தவராக இருக்கலாம்.

பயிற்சி பெற்றவர் இதையே சிகிச்சை நடக்கும் நேரத்தில் செய்தால் பலன் எவ்வளவு என்பதற்கு 2000-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு சான்று. ரத்தக்குழாய், சிறுநீரகச் சிகிச்சைகளுக்காக விழித்த நிலையில் படுத்திருந்த 241 பேரில், சுயவசியத் தளர்வு (தன்னைத் தானே ஹிப்னாடிசம் செய்துகொண்டு தளர்வது) சொல்லித்தரப்பட்டவர்களுக்கு நேரம் ஆக ஆக வலி ஏறவில்லை. மற்றவர்களுக்கு ஏறியது. வழக்கமான முறையில் சராசரியாக 78 நிமிடம் எடுத்த வேலை, இவர்களுக்கு 61 நிமிடத்தில் முடிந்தது.

கண்ணை மூடச் சொன்னால் சிலருக்குப் பழைய கொடுமைகள் நினைவுக்கு வரும். அவர்களுக்கு எதிர்த்திசை நல்லது: கண்ணைத் திறந்து, அறையில் தெரியும் ஐந்து பொருள், தொட்டு உணரும் நான்கு, கேட்கும் மூன்று சத்தம், இரண்டு மணம், ஒரு சுவை என்று சொல்ல வையுங்கள்.

ஆறாம் படி: இசை

அறுவை சிகிச்சையும் இசையும் பற்றி 73 ஆய்வுகளை, ஏறத்தாழ 7000 நோயாளிகளைத் தொகுத்து 2015-ல் லான்செட் இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. வலி, பதற்றம், வலி மருந்தின் தேவை மூன்றும் குறைந்தன. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை. முன்பா, நடுவிலா, பிறகா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கொஞ்சம் பலன் இருந்தது.

என்ன இசை? அமைதியானது, நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு என்று புத்தகங்கள் சொல்லும். என் கருத்து, நோயாளி கேட்டு வளர்ந்ததைப் போடுங்கள், வேகத்தை அளக்காதீர்கள். ஆனால் அழ வைக்கும் பாட்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள். இருபது முப்பது நிமிடம், ஹெட்போனில், மெல்லிய ஒலியில். ஒரு காதை விட்டுவைத்தால் செவிலியர் கூப்பிடுவதும் கேட்கும். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் காது இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

ஏழாம் படி: கை படும் சிகிச்சைகள்

கையும் பாதமும் போதும். முழு உடல் மசாஜ் வார்டுக்கு ஏற்றதல்ல. கையைக் கழுவி, வாசனையில்லாத எண்ணெய் அல்லது கிரீம் கொஞ்சம் தடவி, உள்ளங்கையில் கட்டைவிரலால் மெதுவாக வட்டமிட்டு, ஒவ்வொரு விரலாக நுனிவரை நீவி, ஒரு கைக்கு ஐந்து நிமிடம். அழுத்தம் லேசாக இருக்கட்டும்.

தொடவே கூடாத இடங்கள்: ரத்தக்கட்டி இருக்கும் அல்லது சந்தேகப்படும் கால், புண், தீக்காயம், கதிரியக்கச் சிகிச்சை பட்ட தோல், கட்டி உள்ள இடம், ட்ரிப்ஸ் குழாய்ப் பக்கம், டயாலிசிஸ் இணைப்பு உள்ள கை. பிளேட்லெட் குறைவாக இருந்தால் தடவலோடு நிறுத்துங்கள். படுக்கைப்புண் தொடங்கும் சிவந்த இடத்தைத் தேய்த்தால் சரியாகும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தேய்ப்பது உள்ளிருக்கும் திசுவைச் சேதப்படுத்தும்; அந்த இடத்தில் எடை படாமல் திருப்பிப் படுக்க வைப்பதே வழி.

குமட்டலுக்கு ஓர் அழுத்தப்புள்ளி உண்டு. நோயாளியின் உள்மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக அவருடைய மூன்று விரல் அகலம் அளந்தால், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே வரும் இடம். கட்டைவிரலால் உறுதியாக இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள், மறுகையிலும் செய்யலாம். அறுவைக்குப் பிந்தைய குமட்டலில் இந்தப் புள்ளியைத் தூண்டுவது பலன் தருவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பீடு சொல்கிறது. அழுத்தத்தில் எனக்கு நம்பிக்கை உள்ள புள்ளி இது ஒன்றுதான்.

ஒத்தடத்தில் விதி எளிது: இறுகிய தசைக்குச் சூடு, புதிய வீக்கத்துக்குக் குளிர், இரண்டுமே துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம். உணர்ச்சி மங்கிய தோலிலும், முதுகில் மரத்துப்போக ஊசி போட்டவர்களின் காலிலும் வேண்டாம். சுடுவது அவர்களுக்குத் தெரியாது. தோலில் ஃபென்டனில் என்ற வீரியமான வலி மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் அதன்மேல் சூடு வைக்கவே கூடாது. மருந்து வேகமாக உடலில் ஏறி மூச்சையே நிறுத்திவிடலாம்.

வயிற்றிலோ நெஞ்சிலோ தையல் உள்ளவர் இருமும்போது ஒரு தலையணையைத் தையலின்மேல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கட்டும். இருமப் பயந்து சளியை அடக்குபவர்களுக்கு இது பெரிய உதவி.

எட்டாம் படி: ஊசி, ஸ்கேன்

ஊசி குத்தும் நொடியில் ஒருமுறை இருமுவது வலியைக் கொஞ்சம் குறைக்கும். குத்துபவரிடம் முன்பே சொல்லிவிட்டு இருமச் சொல்லுங்கள். ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுபவர்களுக்குத் தளர்வு தவறான மருந்து, ஏனென்றால் அவர்களுடைய பிரச்சினையே ரத்த அழுத்தம் விழுவதுதான். படுக்க வைத்து, கால், வயிறு, ஊசி போடாத கை ஆகியவற்றை 10–15 நொடி இறுக்கி, 20–30 நொடி விட்டு, ஐந்து முறை செய்யச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடுவது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் பரிந்துரைத்த வழிகளில் ஒன்று. குறைமாதக் குழந்தைக்குத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்திருப்பது நல்லது. சற்றுப் பெரிய பிள்ளைகளை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். அழுத்திப் படுக்க வைத்தால் பயம் கூடும். சோப்புக் குமிழ் ஊதச் சொன்னால் நீண்ட வெளிமூச்சும் கவனத் திருப்பலும் சேர்ந்தே நடந்துவிடும்.

எம்ஆர்ஐ அறையில் கண்ணை உள்ளே போகும்முன்பே மூடி, வெளியே வரும்வரை திறக்காமலிருப்பதுதான் தந்திரம். கண்மேல் ஒரு துணி போடக் கேளுங்கள். ஆளைக் கூப்பிடக் கையில் தரும் ரப்பர் பந்தை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டால், வேண்டும்போது வெளியே வரலாம் என்ற தைரியம் வரும். சொந்த ஹெட்போனுக்கு அங்கே அனுமதி கிடையாது.

ஒன்பதாம் படி: இரவு

இரவில் வார்டுக்குள் ஒலி 30 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அது கிசுகிசுப் பேச்சின் அளவு. வார்டில் ஓர் இரவு கழித்தவர்களுக்கு இது நகைச்சுவையாகத்தான் தோன்றும்.

இதன் விலையை முதியவர்களே அதிகம் கொடுக்கிறார்கள். தூக்கம் கெட்டு, நாள் தெரியாமல், கண்ணாடியும் செவிக்கருவியும் பையில் கிடக்க, மூன்றாம் நாள் புத்தி தடுமாறத் தொடங்குகிறது. 1999-ல் வெளியான, 70 வயதைத் தாண்டிய 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், மருந்தில்லாத எளிய கவனிப்புகளைச் சேர்த்துச் செய்தபோது இந்தத் தடுமாற்றம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. அவர்கள் செய்ததெல்லாம் நீங்களும் செய்யக்கூடியவை: நாளும் இடமும் அடிக்கடி நினைவூட்டுவது, கண்ணாடியும் செவிக்கருவியும் போட்டுவிடுவது, தண்ணீர் குடிக்க வைப்பது, முடிந்த அளவு நடக்க வைப்பது, இரவில் சூடான பானம், முதுகு நீவல், மெல்லிய இசை.

பகலில் ஜன்னல் திரையை விலக்குங்கள். 1984-ல் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைக்குப் பிறகு ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். 23 ஜோடி நோயாளிகள் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஜன்னலோரப் படுக்கை கிடைத்தால் விடாதீர்கள்.

இரவு ஒன்பதரைக்குக் கழிப்பறை, வாய் கொப்பளிப்பு, வலி மருந்து பாக்கி உண்டா என்ற விசாரிப்பு. பத்து மணிக்குக் கைபேசி சைலன்ட். கண்மறைப்பும் இயர்பிளக்கும் கொடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே குழம்பியிருப்பவருக்கு மட்டும் வேண்டாம், எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் மிரண்டுவிடுவார். ரத்த அழுத்தம் பார்ப்பதையும் மருந்து கொடுப்பதையும் ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்ய முடியுமா என்று செவிலியரிடம் கேட்கலாம். எப்போதும் முடியாது, சில இரவுகளில் முடியும்.

எதில் எச்சரிக்கை வேண்டும்

வாசனை எண்ணெய்கள் சிலருக்கு இதமாக இருக்கும், சான்று பலவீனமானது. பொது வார்டில் ஒருவரின் லாவண்டர் இன்னொருவரின் ஆஸ்துமா. பஞ்சில் ஒரு துளி வைத்து அவர் மட்டும் முகரட்டும். ஆக்ஸிஜன் போகும் முகத்தில் எண்ணெய்ப் பசையுள்ள எதையும் தடவக் கூடாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. விளக்கு, ஊதுபத்தி பேச்சுக்கே இடமில்லை.

உடலைத் தொடாமல் கையை மேலே அசைத்து "ஆற்றலை" சரிசெய்வதாகச் சொல்பவர்களை எமிலி ரோசா என்ற சிறுமி தன் ஒன்பதாவது வயதில் பள்ளி அறிவியல் திட்டத்துக்காகச் சோதித்தாள். திரைக்கு அப்பால் தன் கை அவர்களின் எந்தக் கைக்கு மேல் இருக்கிறது என்று 21 பேரிடம் கேட்டாள். சரியான பதில் 44 சதவீதம். நாணயம் சுண்டியிருந்தால் இன்னும் அதிகம் கிடைத்திருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே அது வந்தது. யாரோ ஒருவர் அரை மணி நேரம் அமைதியாக அருகில் இருப்பதால் வரும் நிம்மதி உண்மைதான், அதற்குக் கட்டணம் தேவையில்லை.

டென்ஸ் எனப்படும் மின்தூண்டல் கருவியை பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு வைக்காதீர்கள், கழுத்தின் முன்பக்கம் யாருக்கும் வைக்காதீர்கள்.

பத்தாம் படி: மறுபடி எண்

எதைச் செய்தாலும் இருபது நிமிடம் கழித்து அதே கேள்வி: இப்போது எவ்வளவு? ஒரே நேரத்தில் மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது உதவியது என்று தெரியாது. இரண்டு முறை பலன் தராததை மூன்றாம் முறை வற்புறுத்தாதீர்கள். உதவியதைத் தாளில் பெரிதாக எழுதி, படுக்கையருகே ஒட்டிவையுங்கள். இரவில் உங்களுக்குப் பதிலாக வருபவருக்கு அது வேண்டும். எண் இறங்கவில்லை, அல்லது நோயாளி இருமவோ திரும்பவோ தூங்கவோ முடியாத அளவு வலிக்கிறது என்றால், அடுத்த ஊசிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மணியை அழுத்தி, தாளைக் காட்டி, மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.